அனங்கருது அண்ணாச்சி வாங்கிய கேமரா

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தலைமுறையே கண் சிமிட்டாமல் வளர்ந்ததற்கு ஒரே ஒரு மனிதர்தான் பொறுப்பு. எங்கள் பகுதியில் யார் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் எல்லோரும் பேயைக் கண்டதுபோல் விழித்துக்கொண்டு நிற்பார்கள். பேய் ஒன்றும் இல்லை. எதிரே அண்ணாச்சி நின்றிருப்பார்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் அனங்கருது அண்ணாச்சி. ‘அனங்கருது’ என்றால் மலையாளத்தில் ‘அசையக் கூடாது’ என்று அர்த்தம். கேமராவுக்குப் பின்னால் குனிந்ததும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை அதுதான். சொல்லுகிற தோரணையில் ஆட்கள் மட்டுமல்ல, சுவரில் ஓடுகிற பல்லியும் நின்றுவிடும்.

அவருடைய ஸ்டூடியோ ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லோருக்கும் தும்மல் வரும். அண்ணாச்சிக்கு மட்டும் வராது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மூக்கைச் சுருக்கினால் உடனே அதட்டல்தான்.

“தும்மல் வந்தா உள்ள வெச்சுக்கோ. படம் முடிஞ்ச பிறகு மொத்தமா தும்மிக்கலாம்.”

அதனால் எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன அத்தனை பேரும் பாஸ்போர்ட்டில் மூக்கு சிவந்து, கண் கலங்கி, யார் மேலோ கடும் கோபத்தில் இருப்பார்கள். ஒருவரை அங்கே விமான நிலையத்தில் தனியாக உட்காரவைத்து, ஊரில் ஏதாவது பிரச்சினை பண்ணிவிட்டு வந்தீர்களா என்று கேட்டதாகக் கேள்வி.

ஒரு காட்சிக்கு ஒரு படம். அதுதான் அவர் சட்டம். இன்னொன்று எடுங்கள் என்று கேட்டால், பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்ட சிறுவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அந்த ஒரு படம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக உலகத்தையே நிறுத்திவைப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு தயாராக இருக்கிறார். அண்ணாச்சி கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. மாப்பிள்ளையின் கை அந்தரத்தில். உப்பின கன்னம் உப்பினபடி.

சாஸ்திரிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஓய், முகூர்த்தம் போயிண்டிருக்கு” என்றார்.

“முகூர்த்தம் போனா அடுத்த மாசம் வேற வரும் சாமி. பிலிம் போனா வருமா?”

சாஸ்திரிகள் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவருக்கு டிஜிட்டல் கேமரா வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சாயாக்கடையில் தினமும் சொற்பொழிவு நடந்தது. “நூறு எடுத்து தொண்ணூத்தொம்பத அழிக்கிறதுக்குப் பேரு போட்டோவா? அது தப்புப் பண்ணுறவனுக்குக் கண்டுபிடிச்ச மெஷின்” என்பார். ஆளுக்கு ஒரு சாயாவை வாங்கிக்கொடுத்துவிட்டுப் பேசுவதால் கூட்டம் குறையாது.

அந்தச் சமயத்தில்தான் ரபீக் என்கிற இளைஞன் சரியாக எதிர்ப்பக்கத்தில் டிஜிட்டல் ஸ்டூடியோ திறந்தான். அண்ணாச்சி தன் படிக்கட்டின் கீழே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: ‘இங்கே உண்மையான போட்டோ மட்டும். டிஜிட்டல் வேண்டுவோர் எதிரே செல்லவும்.’ விளைவு, வழி தெரியாமல் வந்தவர்கள்கூட எதிரே சென்றார்கள். ரபீக்குக்கு வியாபாரம் பெருகியது. நன்றி மறக்காதவன். தினமும் காலையில் அண்ணாச்சிக்கு ஒரு சாயா அனுப்புவான். அதைத் தோற்றவன் கட்டுகிற கப்பம் என்று நினைத்து அண்ணாச்சி கம்பீரமாகக் குடித்தார்.

அப்புறம் எங்கேயோ ஏதோ சரியில்லாமல் போயிற்று. பள்ளுருத்தியில் ஒரு பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ எடுத்தார். படம் வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் பனிமூட்டத்தில் நின்றார்கள். கொச்சியில் ஏது பனி? அண்ணாச்சி நேராகப் பிரிண்ட் போடும் லேபுக்குப் போய்ச் சண்டை போட்டார். அடுத்து ஒரு சீமந்தம். அதில் கர்ப்பிணிக்கு மூக்கு இரண்டாகத் தெரிந்தது. மறுபடி லேபில் சண்டை. லேப்காரர் இவரைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போய்விடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

நான் அப்போது வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தேன். என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயமான அன்றே அம்மா போய் அண்ணாச்சிக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தாள். அக்கா நான் இருக்கத் தங்கைக்கு முதலில் நடக்கிற கல்யாணம். தெருவில் யார் எதிரே வந்தாலும் “அப்போ உனக்கு?” என்று கேட்டுவிடுவார்களோ என்று குனிந்த தலையோடு நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஒருநாள் மதியம் ஆபீஸ் வாசலில் என்னைத் தேடி ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணாச்சி. அவர் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“வசந்தி, கல்யாணத்துக்கு வேற ஆள ஏற்பாடு பண்ணிடு.”

“என்ன அண்ணாச்சி இது? பத்திரிகையே அடிச்சாச்சு.”

“நான் எடுத்தா உன் தங்கச்சி முகம் தெரியாது.” அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். “லேப்காரன் மேல குத்தமில்ல. எனக்குத்தான் கண்ணுல புரை. டாக்டர் பறஞ்சாச்சு. சர்க்கரை இறங்கணும், அதுவரைக்கும் ஆப்பரேஷன் இல்லன்னு. போகஸ் வளையத்தத் திருப்புறேன், எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியல மோளே. ஒரு குத்துமதிப்புல அமுக்குறேன்.”

“ரபீக்கக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவரே மெதுவாகச் சொன்னார். “இப்ப ஒரு சாதனம் இருக்காமே. தானே போகஸ் பண்ணுமாம். எடுத்த உடனே முதுகுப் பக்கம் படத்தக் காட்டுமாம்.”

“டிஜிட்டலா?”

“பதுக்கப் பறயேன்.” மெல்லப் பேசச் சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்தது ஒரு கண்டெய்னர் லாரியும் அதன் கீழே தூங்கிய டிரைவரும்தான்.

தானே போகஸ் செய்கிற பிலிம் கேமராவும் இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“அது எனக்குத் தெரியாதா? பிலிம்னா கழுவி வர்றவரைக்கும் காத்திருக்கணும். தெளிஞ்சுதா இல்லையா, தெளிஞ்சுதா இல்லையான்னு ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கணும். அது இனிமே என்னால ஆகாது. எடுத்த உடனே நீ பாத்து எங்கிட்ட சொல்லணும். நீ மட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இவ்வளவு பேசிய வாய் இப்போது எந்த முகத்தோடு போய் அதையே வாங்கும் என்கிற வெட்கம், நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் சரி என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளம் போவது என்று முடிவாயிற்று. நிபந்தனைகள் அவருடையவை. சேர்ந்து நடக்கக் கூடாது. படகில் நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். தெரிந்தவர்கள் கேட்டால் அவர் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறார். அதற்குப் பொருத்தமாகக் கன்னத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாட்டில் அவர் இறங்குவதற்குள் மூன்று பேர் பல்வலிக்கு வைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

கடை பெரியது. கண்ணாடிப் பெட்டிகளில் கேமராக்கள் வரிசையாக இருந்தன. கடைப் பெண், “ஆர்க்கா அங்கிளே?” என்று கேட்டாள். யாருக்கு என்றுதான் கேட்டாள். இதற்காகவே காத்திருந்ததுபோல் அண்ணாச்சி, “மருமகனுக்கு. துபாயில இருக்கான்” என்றார்.

“துபாயில இதைவிட விலை குறைவு அங்கிளே.”

அண்ணாச்சிக்கு இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. “அவன் ரொம்ப நாணக்காரன். கடைக்குப் போக மாட்டான்” என்றார்.

அவள் மெகாபிக்சல் என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு கேமராவைக் காதோரம் வைத்து அமுக்கினார். முகம் சுளித்தார். “இது பொய்ச் சத்தம். ஸ்பீக்கர்லருந்து வருது.” அடுத்தது. “இதுக்குச் சளி பிடிச்சிருக்கு.” தர்பூசணி தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் அங்கே மாட்டியிருந்த பைகளை மிகுந்த அக்கறையோடு பார்ப்பதுபோல் நின்றேன். கடைசியில் ஒன்றின் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது. சோதித்துப் பார்க்கலாம் என்று கடைப் பெண்ணை நோக்கி அதைத் தூக்கினார். அப்போது பழக்க தோஷத்தில் அந்த வார்த்தை வந்துவிட்டது.

“அனங்கருது.”

கடை நின்றுவிட்டது. பில் போடுகிறவர் கை மேலே நின்றது. தரை துடைக்கிற அம்மாள் குனிந்தபடி நின்றார். அந்த அமைதியில், பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

“அண்ணாச்சியல்லே?”

ரபீக். மெமரி கார்டு வாங்க வந்திருக்கிறான். அண்ணாச்சியின் கையில் டிஜிட்டல் கேமரா. கன்னத்தில் துண்டு. எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அவருக்கு எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

“மருமகனுக்கு” என்றார் அண்ணாச்சி.

ரபீக் கேமராவைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் நினைத்திருந்தால் அன்று சாயங்காலமே சாயாக்கடையில் விழா எடுத்திருக்கலாம். அவன் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் வந்து நின்றான்.

“அப்படியா? நல்லதா பாத்து எடுக்கணும். மருமகனுக்குக் கண்ணு எப்படி அண்ணாச்சி?”

“கொஞ்சம் மங்கல்.”

“வயசு?”

“அறுபது கழிஞ்சாச்சு” என்றார் அண்ணாச்சி.

கடைப் பெண் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். ரபீக் சிரிக்கவே இல்லை. “அந்த வயசுல மருமகன்களுக்கு வர்றதுதான்” என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தான். “இதே போதும். மருமகன்கிட்ட சொல்லுங்க, பட்டனைப் பாதி அமுக்கணும். பீப்னு ஒரு சத்தம் வரும். வந்தா போகஸ் ஆயாச்சு. முழுசா அமுக்கிடலாம்.”

அண்ணாச்சி பாதி அமுக்கினார். சத்தம் வந்தது. மறுபடி அமுக்கினார். முகத்தில் ஒரு மாற்றம். “போகஸ் காதுல கேக்குமா?” என்றார், எங்கள் இருவரையும் மறந்து.

“மருமகனுக்குக் கேக்கும்” என்றான் ரபீக்.

வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னிடம், “அவனுக்கு ஒண்ணும் மனசிலாகல, கேட்டியா” என்றார். ஆமாம், ஒன்றும் புரியவில்லை என்றேன் நானும்.

கல்யாணத்தன்று அந்தக் கேமரா பழைய தோல் உறைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துத் திரையின்மேல் ஒரு மஞ்சள் துண்டு. அவர் எடுப்பார். நான் துண்டைத் தூக்கி எட்டிப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால், “சாயா வேணுமா அண்ணாச்சி?” என்று கேட்க வேண்டும். மங்கலாக இருந்தால், “வெள்ளம் வேணுமா?” வெள்ளம் என்றால் தண்ணீர். திட்டம் பிரமாதமாக நடந்தது. ஒரே ஒரு குறை, நான் சாயா, சாயா என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்த என் சித்தி, மனிதருக்கு இவ்வளவு தாகமா என்று நிஜமாகவே சாயா கொண்டுவர ஆரம்பித்தாள். கொண்டுவந்ததை மறுத்தால் சந்தேகம் வரும். சர்க்கரை நோயாளி ஆறேழு டம்ளர் குடித்துவிட்டார்.

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அண்ணாச்சி கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. பீப், கிளிக். நான் துண்டைத் தூக்கினேன். ஹோமப் புகை துல்லியமாக விழுந்திருந்தது. தங்கையின் முகம் கலங்கிப்போயிருந்தது.

“வெள்ளம் வேணுமா அண்ணாச்சி?”

அவர் வெளுத்துப்போனார். “இன்னொண்ணு” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில் மண்டபமே திடுக்கிட்டது.

சாஸ்திரிகள், “ஓய், தாகமா இருந்தா குடிச்சுட்டு வாரும், முகூர்த்தத்தை நான் எத்தனை நாழி பிடிச்சு வைக்கறது” என்றார். அதற்குள் சித்தி செம்போடு வந்துவிட்டாள். அண்ணாச்சிக்கு வியர்த்து வழிந்தது. பாவம் என்று நினைத்த சித்தி, கேமரா மேலிருந்த மஞ்சள் துண்டை உருவி அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

திரை வெளிச்சமாக எரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாயாக்கடைக்காரர், தினமும் அவர் சொற்பொழிவைக் கேட்டவர், மெதுவாகச் சொன்னார். “இது மற்றதல்லே?”

டிஜிட்டல் என்கிற வார்த்தையை அண்ணாச்சி முன்னால் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மேடையில், அத்தனை ஜனங்களுக்கும் முன்னால், ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில். “ஆமா. மற்றதுதான். எனக்குக் கண்ணு தெரியல” என்றார். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். விருந்தாளியாக வந்திருந்த ரபீக் ஓரமாக நின்றான். அவனைப் பார்த்து நீட்டி, “நீ எடு” என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு என் தங்கையின் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார், கேட்கக் காத்திருக்கும் கேள்விகள், ஒன்றும் நினைவில் இல்லை. அவர் நீட்டிய கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரபீக் கேமராவை வாங்கவில்லை. “மாப்பிள்ளைக்குக் கை வலிக்கும் அண்ணாச்சி. புகைக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. பாதி அமுக்குங்க” என்றான்.

அண்ணாச்சி நகர்ந்து நின்றார். பாதி அமுக்கினார். அந்தச் சின்ன பீப் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. பிறகு கிளிக். நான் குனிந்து பார்த்தேன். தங்கையின் இமைமுடிகளை எண்ணலாம்போல் இருந்தது.

“சாயா வேணுமா அண்ணாச்சி?” என்றேன். நாதஸ்வரக்காரர் இத்தனை நேரம் கன்னத்தில் வைத்திருந்த காற்றை எல்லாம் ஒரே மூச்சில் ஊதித் தீர்த்தார்.

பந்தியில் அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மாதான் போய்ப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

“எங்களுக்கு எல்லாம் தெரியும் அண்ணாச்சி. கொஞ்ச நாளாவே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உங்ககிட்ட எடுத்துட்டு, பின்னாடி ரபீக் கடையிலயும் போய் எடுத்துக்குவோம். தெருவுல எல்லாரும் அப்படித்தான்.”

அண்ணாச்சி சோற்றில் கை வைத்தபடி இருந்தார். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. “அப்ப ஒருத்தர்கூட எங்கிட்ட பறயலயே?”

“பறஞ்சு, நீங்க கடய அடச்சுட்டா? அப்பறம் எங்கள ஆரு திட்டுறது?” என்று சொல்லிவிட்டு அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி அவியலை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் படிக்கட்டின் கீழே அந்தப் போர்டு இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சர்க்கரை இறங்குவதற்கு மேலும் சில மாதங்கள் ஆயின. எர்ணாகுளத்தில் ஆப்பரேஷன் நடந்து, கட்டுப் பிரித்த அன்று துணைக்கு நான்தான் போயிருந்தேன். திரும்பும்போது படகில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். புதுக் கண் கிடைத்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் குறை சொல்லத் தொடங்கினார். காயல் தண்ணீர் அழுக்கு. படகுக்குப் பெயின்ட் அடித்தவனுக்குக் கை சரியில்லை. தன் சட்டையைப் பார்த்து, “இது வெள்ளன்னுல்ல நெனச்சேன்” என்று அதிர்ந்துபோனார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூக்குப் பக்கத்துல அது என்ன, மச்சமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எப்பருந்து?”

“பிறந்ததுலருந்து.”

அவர் முகம் வாடிவிட்டது. “நான் நெகட்டிவ்ல தூசின்னு நெனச்சேன் மோளே. ஸ்கூல் படத்துலருந்து ஜாதகத்தோட குடுத்த படம்வரைக்கும் எல்லாத்துலயும் பென்சில் வெச்சுத் தடவி எடுத்துட்டேன்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “போட்டோவுல இது இல்லையே” என்று சொன்னதும், நான் அன்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், அதன்பிறகு பெண் பார்க்க யார் வந்தாலும் மச்சத்தின்மேல் பவுடர் அப்பியதும் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

“இத்தன வருஷம் நேர்ல பாக்குறீங்க. தெரியலயா?” என்று மட்டும் கேட்டேன்.

“நான் எங்க ஆளப் பாத்தேன். வெளிச்சம் எப்படி விழுதுன்னுதான பாத்தேன்.” தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெலிங்டன் தீவின் கிடங்குகள் பின்னால் போயின. மறுபடி என் பக்கம் திரும்பினார். “நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு மடையன். அத எடுத்திருக்கக் கூடாது.”

அண்ணாச்சி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்த மச்சத்தின்மேல் நான் அன்றிலிருந்து பவுடர் போட்டதில்லை.